புக்கிட் தீமாவின் பாறை எங்கே போனது?

சிங்கப்பூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் குறைகள் நமக்குப் பழகிப்போனவை. வெயில், விலை, சூயிங்கம். ஆனால் திருச்சியிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தாய்மாமா சொன்ன குறை மட்டும் என்னை விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது. "எல்லாம் சரி மாப்ளே, உங்க ஊர்ல ஒரு பாறைகூட இல்லையே?" என்றார். அவர் தெப்பக்குளத்துப் பக்கம் பிறந்தவர். மலைக்கோட்டையைப் பார்த்தபடியே பல் தேய்த்து வளர்ந்தவர். ஊர் என்றால் நடுவில் ஒரு பாறை நிற்க வேண்டும், அதன் தலையில் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவருக்குள் ஊறிப்போன எண்ணம். மரினா பே, மெர்லயன் எல்லாம் அவரைப் பொறுத்தவரை சிமெண்ட் வேலை.

சரி, விடக்கூடாது என்று சிங்கப்பூரின் மிக உயரமான குன்றான புக்கிட் தீமாவுக்கு அழைத்துப்போனேன். மூச்சு வாங்க ஏறியவர், உச்சியை அடைந்ததும் "இது மேடுதானே?" என்றார். மலைக்கோட்டை 83 மீட்டர்தான், நாம் நிற்கும் இடம் 163 மீட்டர் என்று கணக்குச் சொன்னேன். "உயரத்தைச் சொல்லலப்பா. பாறை எங்க?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வழி நெடுகச் செம்மண், வேர், படிக்கட்டு, இலைச்சருகு. உச்சியில் உயரத்தை எழுதிவைத்த ஒரு கல் இருக்கிறதே என்று காட்டினேன். "அதையும் எங்கேயிருந்தாவது லாரியில கொண்டாந்து வச்சிருப்பாங்க" என்று சிரித்தார். கடைசி முயற்சியாகப் புக்கிட் பாத்தோக்கின் லிட்டில் குய்லினுக்குக் கூட்டிப்போனேன். குளத்தின் நடுவே செங்குத்தாக நிற்கும் கரும்பாறையைப் பார்த்ததும்தான் முகம் மலர்ந்தது. ஆனால் அங்கேயும் ஒரு கொக்கி போட்டார்: "இது கல் குவாரியா இருந்த இடம் மாதிரி தெரியுதே? வெட்டினதாலதான் பாறை வெளிய தெரியுது. வெட்டாத இடத்துல ஏன் ஒண்ணையும் காணோம்?"

அவர் ஊருக்குப் போய்விட்டார். கேள்வி போகவில்லை. புக்கிட் தீமாவின் அடியில் கிரானைட் இருக்கிறது என்பது இங்கே பலருக்கும் தெரிந்த செய்தி. 1851-இல் ஒளிவீசத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரைவிளக்கம் புலாவ் உபின் தீவின் கிரானைட்டில் எழுந்தது. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்துக்கு உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கல் போனது. ஒரு நாட்டையே அடுத்த நாட்டோடு இணைக்கும் அளவுக்குக் கல் இருந்திருக்கிறது. அப்படியிருக்க, அந்த மலையில் நடக்கும்போது காலில் ஏன் மண் மட்டும் ஒட்டுகிறது?

தகரத் தடுப்புக்கு உள்ளே

நாங்கள் இருப்பது புக்கிட் பாஞ்சாங்கில். எங்கள் புளோக்குக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒருநாள் தகரத் தடுப்பு முளைத்தது. உள்ளே மூன்று கால் ஊன்றிய துளையிடும் இயந்திரம் ஒன்று. இங்கே எதையாவது கட்டுவதற்கு முன் மண்ணைச் சோதித்தாக வேண்டும். 'எஸ்ஐ' என்பார்கள், சாயில் இன்வெஸ்டிகேஷன். அந்த இயந்திரத்தை ஓட்டியவர் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. கீழே காப்பிக்கடையில் டீ குடிக்க வரும்போது பேச்சு ஆரம்பித்தது. "எங்க ஊர்ல ரெண்டடி தோண்டினா கடப்பாறை பாறையில முட்டும் சார். இங்க முப்பது மீட்டர் போயும் முட்ட மாட்டேங்குது" என்றார். மாமாவின் கேள்வியையே வேறு வாயிலிருந்து கேட்டதுபோல் இருந்தது.

அவர்கள் செய்வது பார்க்க எளிது. 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு ஒரு குழாயை அடிக்கிறார்கள். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுகிறார்கள். அதுதான் 'என்' (N) மதிப்பு. மேலே பத்து, இருபது என்று இருக்கும் எண் கீழே போகப் போக ஏறும். நூறு அடி அடித்தும் இறங்கவில்லையென்றால் சுத்தியலை ஓரங்கட்டிவிட்டு வைர முனைக் குழாயால் குடைந்து கல்லை உருளையாக வெளியே எடுப்பார்கள். அப்போதும் பாறை வந்துவிட்டது என்று நம்பிவிட முடியாது. மண்ணுக்குள் தனியாக மாட்டிக்கொண்ட உருண்டைக் கல்லாக இருக்கலாம். அதைத் துளைத்துப் போனால் மறுபடி மண் வரும். அதனால் கல்லுக்குள் ஐந்து மீட்டர் போய்ப் பார்த்தபிறகுதான் பாறை என்று எழுதுவார்களாம்.

எடுத்ததையெல்லாம் ஆழம் எழுதி வரிசையாகப் பெட்டியில் அடுக்கிவைத்திருந்தார். தடுப்பின் கதவு திறந்திருந்த ஒரு மாலையில் அதைக் காட்டினார். ஒரு முனையில் நமக்குத் தெரிந்த செம்மண். மறுமுனையில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று கல் உருளைகள், கருப்பும் வெள்ளையும் பொட்டுப் பொட்டாக. இரண்டுக்கும் நடுவில் இருந்ததுதான் என்னை நிறுத்தியது.

அதுவும் பொட்டுப் பொட்டாகத்தான் இருந்தது. வெளிறிய மஞ்சள், வெள்ளை, ஆங்காங்கே பழுப்புப் புள்ளி, நடுநடுவே கண்ணாடித்தனமான சாம்பல் மணிகள். குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. ஒரு காலத்தில் பாறையில் விழுந்த விரிசலில் வேறொரு கனிமம் புகுந்து உறைந்த கோடு. அது இம்மிகூட வளையாமல் நேராக இருந்தது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் கிரானைட். "அமுக்கிப் பாருங்க" என்றார், குழாயில் மிச்சமிருந்த ஒரு கட்டியைக் கையில் கொடுத்து. கட்டை விரலால் அழுத்தினேன். உதிர்ந்துவிட்டது. விரலில் வெள்ளைப் பொடியும் நறநறவென்று மணலும். இன்னொரு கட்டியைத் தண்ணீர் இருந்த பிளாஸ்டிக் குவளையில் போட்டார். விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் குவியலாகப் படுத்துவிட்டது. தண்ணீர் பால் நிறம். "தண்ணியில கரைஞ்சா ஜி-5. கரையாம நின்னு, கையால உடைக்க முடிஞ்சா ஜி-4. அவ்வளவுதான் சார் டெஸ்ட்டு."

இங்குள்ள பொறியாளர்கள் புக்கிட் தீமா கிரானைட்டை இப்படித்தான் ஆறாகத் தரம் பிரிக்கிறார்கள். ஜி-1 என்றால் பழுதில்லாத பாறை. ஜி-6 என்றால் பாறையின் அடையாளமே தெரியாத செம்மண். ஜி-5 நடுவில் மாட்டிக்கொண்டது: உருவம் பாறை, உடம்பு மண். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றபோது மாமாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பாறை எங்கேயும் போகவில்லை. யாரும் வெட்டி எடுக்கவில்லை, ஆறு அடித்துக்கொண்டு போகவில்லை. நின்ற இடத்திலேயே, ஒவ்வொரு மணியும் அதனதன் இடத்தில் இருக்க, அப்படியே மக்கிப்போயிருக்கிறது. நாம் புக்கிட் தீமாவில் மிதித்து ஏறும் செம்மண்தான் அந்தப் பாறை.

பெட்டியிலிருந்து கெட்டியான கல் ஒரு துண்டு கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டார். பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள துண்டுகளைக் கூட்டித்தான் பாறையின் தரத்துக்குச் சதவீதம் போடுவார்களாம். ஒன்று குறைந்தாலும் கணக்கு தப்பிவிடும், மேலாளர் கத்துவார். நியாயம்தான்.

மூன்று பேர், மூன்று சுபாவம்

கல்லா கிடைக்காது? கட்டடம் கட்டும் ஊர் இது, எங்கே பார்த்தாலும் ஜல்லி. தெருவோரம் சிதறிக்கிடந்த கிரானைட் ஜல்லி ஒன்றைக் கழுவி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்த்தேன். பள்ளியில் படித்த பாடம்தான், ஆனால் அப்போது அது மனப்பாடம். லென்ஸில் பார்த்தால் மூன்று பேரும் தனித்தனியாகத் தெரிகிறார்கள். எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் சாம்பல் மணி குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, கல்லைத் திருப்பும்போது திடீரென்று ஒரு தளம் முழுக்கப் பளிச்சிட்டு அணைவது ஃபெல்ட்ஸ்பார். கருப்பாக, ஊசியால் நெம்பினால் ஏடு ஏடாகக் கழன்று வருவது கருப்பு மைக்கா, நம் ஊரில் காக்காப்பொன் என்று பொறுக்கி விளையாடுவோமே, அந்தக் குடும்பம்.

கனிமம் என்றால் என்ன என்பதற்குப் புத்தக இலக்கணம் ஒன்று உண்டு: இயற்கையில் தானாக உண்டான திடப்பொருள், இன்ன அணுக்கள் இன்ன விகிதத்தில், ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டது. இந்தக் கணக்கில் பனிக்கட்டி கனிமம், எரிமலைக் கண்ணாடி இல்லை. அதற்குள் அணு ஒழுங்கு இல்லாததால். நான் இதில் பிடித்துக்கொள்வது 'அடுக்கு' என்பதை மட்டும்தான். மற்ற குணங்கள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. குவார்ட்ஸில் சிலிக்கன் ஒவ்வொன்றையும் நான்கு ஆக்ஸிஜன் பிடித்திருக்கிறது, ஒவ்வோர் ஆக்ஸிஜனும் பக்கத்துச் சிலிக்கனையும் பிடித்திருக்கிறது. நாலாபக்கமும் ஒரே பலம், பலவீனமான தளம் என்று எதுவும் இல்லை. அதனால் உடைத்தால் தட்டையாகப் பிளக்காது, வளைந்து நெளிந்துதான் உடையும். மைக்காவில் அடுக்கு தாள் தாளாக இருக்கிறது. தாளுக்குள் பிடிப்பு பலம், தாளுக்கும் தாளுக்கும் நடுவே பொட்டாசியம் மட்டும் லேசாகப் பிடித்திருக்கிறது. அதனால்தான் உரிகிறது. ஃபெல்ட்ஸ்பாரில் சில சிலிக்கன்களின் இடத்தில் அலுமினியம் உட்கார்ந்துவிட, மின்கணக்கைச் சரிக்கட்டப் பொட்டாசியமும் சோடியமும் கால்சியமும் இடுக்குகளில் வந்து ஒண்டிக்கொள்கின்றன. இந்த ஒண்டுக்குடித்தனக்காரர்களைத்தான் நினைவில் வைக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யப்போவது அவர்கள்தான்.

நிறத்தைப் பார்த்துக் கல்லை அடையாளம் சொல்பவர்களை நம்பாதீர்கள். கனிமத்தின் குணங்களில் ஏமாற்றுவதில் முதலிடம் நிறத்துக்குத்தான். குவார்ட்ஸ் ஊதாவாக இருந்தால் செவ்வந்திக்கல், தூய்மையாக இருந்தால் படிகம். சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் நவரத்தின மோதிரம் பார்த்திருப்பீர்கள். அதில் மாணிக்கம் சூரியனுக்கு, நீலம் சனிக்கு. ஜோதிடப்படி அப்பனும் மகனும், ஆனால் ஜென்மப் பகை. கனிமவியல்படி இரண்டும் ஒரே ஆள், கொரண்டம். கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். மாமாவிடம் இதைச் சொன்னபோது கையிலிருந்த மோதிரத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், பதில் பேசவில்லை.

நிறத்தைவிட நம்பகமானது கீறல். ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் பத்துக் கனிமங்களை, ஒன்று மற்றொன்றைக் கீறும் வரிசையில் அடுக்கினார். டால்க் 1, வைரம் 10. நம் நகம் இரண்டரை. சமையலறைக் கத்தி ஐந்தரைக்கு முன்னே பின்னே. ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. ஜல்லியைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். இரண்டிலும் கோடு விழவில்லை, கத்தியின் இரும்புதான் கல்லில் ஒட்டியது. கல்சைட் வெறும் 3. பளிங்கு மேடையில் எலுமிச்சம் பழம் நறுக்கினால் பளபளப்பு போவதற்குக் காரணம் கடினம் குறைவு என்பதல்ல, கல்சைட்டை அமிலம் தின்றுவிடும் என்பதுதான். இங்கேதான் எனக்கு உறைத்தது. கடினம் வேறு, தாக்குப்பிடிப்பது வேறு. கத்திக்கு அசையாத ஃபெல்ட்ஸ்பார்தான் அந்தக் குவளைத் தண்ணீரில் பாலாகக் கரைந்தது.

பிந்திப் பிறந்தது பிழைக்கும்

புக்கிட் தீமா கிரானைட்டுக்கு வயது ஏறத்தாழ 23 முதல் 25 கோடி ஆண்டுகள். இரண்டு நிலத்துண்டுகளுக்கு நடுவே இருந்த ஒரு பழைய கடல் மூடிக்கொண்டே வந்த காலம். கடலடித்தட்டு மலாயாவின் அடியில் சொருக, பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உருகித் தேங்கியது. அது மேலே வந்து எரிமலையாகக் கொட்டியிருந்தால் சட்டென்று ஆறி, மணிகளே கண்ணுக்குத் தெரியாத ரையோலைட் என்ற எரிமலைப்பாறை ஆகியிருக்கும். ஆழத்திலேயே தங்கிவிட்டதால் லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு ஆறியது. பாகை மெதுவாக ஆறவிட்டால் கற்கண்டு, வேகமாகக் கிளறி ஆற்றினால் பொடிச் சர்க்கரை. அதே கதைதான்.

ஆறும்போது எல்லாக் கனிமங்களும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்மன் போவன் உலையில் பாறைக் கலவைகளை உருக்கி ஆற்றிப் பார்த்து ஒரு வரிசை சொன்னார். அதிக வெப்பத்தில் முதலில் உறைபவை இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கருங்கனிமங்கள், கூடவே கால்சியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார். பிறகு மைக்கா, பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார். கடைசியில் குவார்ட்ஸ். லிட்டில் குய்லினின் கரும்பாறை அந்த முதல் பந்தி ஆட்களால் ஆனது. நோரைட் என்று பெயர், பைராக்ஸின் என்ற கருங்கனிமமும் ஃபெல்ட்ஸ்பாரும், குவார்ட்ஸுக்குப் பெரிய வேலை இல்லை. சீனத்துக் குய்லினின் சுண்ணாம்புக்கல் குன்றுகளோ கடலடியில் சேர்ந்த கல்சைட்டால் ஆனவை. இரண்டும் தோற்றத்தில்தான் ஒட்டு, பிறப்பில் ஓர் உறவும் கிடையாது. கிரானைட்டில் குவார்ட்ஸ் மணிக்கு ஒழுங்கான முகம் இருக்காது. மற்றவர்கள் உட்கார்ந்தபிறகு மிஞ்சிய இடுக்கில் உறைந்ததால் கிடைத்த வடிவம்தான் அதற்கு.

1938-இல் சாமுவேல் கோல்டிச் என்ற அமெரிக்கர் இன்னொரு வரிசையைக் கண்டார். மழையிலும் காற்றிலும் எந்தக் கனிமம் முதலில் சிதைகிறது என்ற வரிசை. அது போவனின் வரிசையேதான். அதிக வெப்பத்தில் முதலில் உறைந்தவை முதலில் சிதைகின்றன, கடைசியில் உறைந்த குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கிறது. யோசித்தால் புரிகிறது. பூமியின் மேற்பரப்பு குளிர்ச்சியானது. மிகுந்த சூட்டில் பிறந்தவைக்கு இந்தச் சூழல் ரொம்ப அந்நியம்.

சிங்கப்பூர் இந்தச் சிதைவுக்கு அமைந்த இடம். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, வருடம் முழுக்கப் புழுக்கம், மேலே காடு. மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக வேர்கள் மூச்சுவிடும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கி லேசான அமிலமாகிறது. அது விரிசல் வழியே இறங்கி ஃபெல்ட்ஸ்பாரின் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கழற்றி எடுத்துப்போக, மிஞ்சும் அலுமினியமும் சிலிக்கனும் நீரும் சேர்ந்து கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணாகின்றன. மைக்காவின் இரும்பு துருப்பிடித்துச் சிவப்பாகிறது. என் விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடி முன்னாள் ஃபெல்ட்ஸ்பார், நறநறத்தது அன்றைய அதே குவார்ட்ஸ், புக்கிட் தீமா மண்ணின் சிவப்பு நிறம், மைக்காவின் துரு. ஜூரோங்கில், லோரோங் தாவாஸில், 1940-இல் கட்டிய, மட்பாண்டம் சுடும் டிராகன் சூளை இன்னும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் கிடைத்த களிமண்ணை நம்பி வந்த தொழில் அது.

கீழே போனவை

மண்ணானதும் கதை முடிவதில்லை. மழை அதைக் கழுவும்போது மூன்று பேரும் பிரிந்துவிடுகிறார்கள். கனமான குவார்ட்ஸ் மணல் ஆறு வேகம் குறையும் இடத்தில் தங்கிவிடும். நுண்ணிய களிமண் அமைதியான நீர்வரை போய்த்தான் படியும். கரைந்த பொட்டாசியமும் சோடியமும் நேரே கடலுக்கு. அதனால் மணற்கல் ஓரிடத்தில், களிக்கல் ஓரிடத்தில் என்று தனித்தனியாகப் படிகின்றன. இதைப் பார்க்க விமானம் ஏற வேண்டாம். கெண்ட் ரிட்ஜ், லாப்ரடார், செந்தோசாவின் சிலோசோ முனை என்று தென்மேற்குச் சிங்கப்பூர் முழுக்கப் படிவுப்பாறைதான். லாப்ரடார் கடலோரப் பாறையில் மணற்கல்லும் களிக்கல்லும் கூழாங்கற்கள் சேர்ந்து இறுகிய கல்லும் மாறி மாறி வருவதையும், அந்த அடுக்குகள் சரிந்து நிற்பதையும் காணலாம். நீருக்குள் தட்டையாகப் படிந்தவை பிற்பாடு நெருக்கப்பட்டு மடங்கியிருக்கின்றன. இவையும் 20 கோடி ஆண்டு வயதை ஒட்டியவை. அன்றிருந்த மலைகளை அன்றைய மழை கரைத்த வண்டல். இந்தப் பாறைகளுக்குள்தான், ஜூரோங் தீவின் அருகே கடலடிக்கும் கீழே 130 மீட்டர் ஆழத்தில், 2014-இல் திறந்த எண்ணெய்க் குகைகள் இருக்கின்றன. சிங்கப்பூர் ஆற்றின் வாயில் நின்று, 1843-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட கல்வெட்டும் மணற்கல்தான். எழுத்துச் செதுக்க வசதி, தேய்ந்துபோகவும் வசதி. மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

கிழக்கே போனால் இன்னும் இளையது. பிடோக், தெம்பனிஸ் அடியில் இருப்பது 'பழைய வண்டல்' எனப்படும் மணல், சரளை, களிமண். பாதி இறுகியது, முழுப் பாறை இல்லை. பிடோக் நீர்த்தேக்கம் இருக்கும் இடம் முன்பு மணல் குவாரி. அங்கே அள்ளியது பெரும்பாலும் குவார்ட்ஸ், எங்கோ ஒரு கிரானைட் மலை மக்கியபோது தப்பிப் பிழைத்தது. அது கான்கிரீட்டாகி எத்தனை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் நிற்கிறதோ. 'சிங்கப்பூரில் இயற்கை வளமே இல்லை' என்று பள்ளி நாளிலிருந்து கேட்டுக்கேட்டு நாமே அதை நம்பிவிட்டோம். பெட்ரோல் இல்லை, தங்கம் இல்லை, சரி. ஆனால் கல்லும் மணலும் இருந்தன, எடுத்தோம், கட்டினோம், தீர்ந்தது. உபினின் கடைசிக் குவாரி மூடியது 1999-இல். 2007-இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தி, கிரானைட் ஏற்றிய படகுகளும் தடைபட்டபோது இங்கே கட்டுமானத்துறை தவித்த தவிப்பு பலருக்கு நினைவிருக்கும். ஒன்றுமே இல்லை என்று சொல்வதற்கும் இருந்ததைச் செலவழித்துவிட்டோம் என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மலைக்கோட்டை மட்டும் எப்படி?

சரி, திருச்சியில் மழை பெய்யாதா? பெய்யும், ஆனால் இங்கே பெய்வதில் பாதிகூட இல்லை. அதோடு பாறையும் வேறு. திருச்சி வட்டாரத்தில் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் போன்ற உருமாறிய பாறைகள். ஏற்கெனவே இருந்த பாறை உருகாமலேயே, ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் தன் கனிமங்களைத் திருத்தி அடுக்கிக்கொண்டது. சுண்ணாம்புக்கல் பளிங்காவதும் களிக்கல் பலகைக்கல்லாவதும் இந்த வழியில்தான். சார்னோக்கைட்டுக்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில், அந்த நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் இருந்த, சென்னைப் பக்கத்திலிருந்து போன கல்லை ஆராய்ந்து நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் வைத்த பெயர். பல்லாவரத்துக் கருங்கல்லும் அதுதான். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள், புக்கிட் தீமாவைப்போல் பத்து மடங்கு. இந்த விஷயத்தில் மாமா தாராளமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஊர் நடுவே ஒற்றைப் பாறை மொட்டையாக நிற்பதற்கு நிலவியலாளர்கள் பலர் சொல்லும் விளக்கம் வேறொரு திசையில் போகிறது. அந்த மாதிரிக் குன்றுகள் ஒரு காலத்தில் தரைக்கு அடியில் இருந்தவை. சுற்றியிருந்த பாறையில் விரிசல் அதிகம், நீர் இறங்கி மக்கிவிட்டது. விரிசல் குறைந்த ஒரு பகுதி மட்டும் மண்ணுக்குள் கெட்டியாகத் தப்பியது. பிறகு காலம் மாறி, மக்கிய மண்ணையெல்லாம் மழையும் ஆறும் வாரிக்கொண்டு போக, உள்ளே இருந்த பாறை வெளியே தலைநீட்டியது. தலைநீட்டியபின் அதற்கு ஆயுள் கெட்டி. மண் மூடியிருந்தால் ஈரம் தங்கும், ஈரம் தங்கினால் பாறை மக்கும். மொட்டைப் பாறையில் மழை விழுந்த வேகத்தில் ஓடிவிடும், வெயில் காயவைத்துவிடும். துளையிடும் தம்பி மண்ணுக்கு நடுவே இடித்துக்கொண்ட உருண்டைக் கல், இதே கதையின் சின்னப் பதிப்பு.

தொலைபேசியில் இதை மாமாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உச்சிப்பிள்ளையார் இருக்கிற பாறை ஒரு காலத்துல புக்கிட் பாஞ்சாங் மாதிரி மண்ணுக்குள்ள கிடந்துச்சுங்கிறியா?" என்றார். ஆமாம் மாமா, அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். "அப்ப நாங்க சீனியர்" என்று முடித்துக்கொண்டார். வாதத்தில் அவரை ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

எங்கள் புளோக்குப் பின்னால் வேலை முடிந்து தகரத் தடுப்பைக் கழற்றிவிட்டார்கள். துளையிருந்த இடத்தைச் சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். தம்பியை இப்போது காலாங் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். அங்கே அடியில் இருப்பது கடல் களிமண், அதன் மேலடுக்கு சுமார் 10,000 ஆண்டுக்குள் படிந்தது, இன்னும் சேறு. 2004 ஏப்ரலில் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நான்கு பேர் இறந்தார்களே, அங்கேயும் கீழே இந்தக் களிமண்தான் ஆழமாக இருந்தது. "சார், இங்க சுத்தியலை விழவிடவே வேண்டாம், வச்ச உடனே குழாய் தன் எடைக்கே இறங்குது. 'என்' மதிப்பு சைபர்" என்று வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு படம்: சாம்பல் பச்சைக் களிமண் உருளைக்குள் விரல்நகம் அளவு சிப்பி ஒன்று, உடையாமல். இது கல்லுக்கணக்கா, மண்ணுக்கணக்கா, என்ன கிரேடு போடுறது என்று கேட்டிருந்தார். சிப்பி கால்சியம் கார்பனேட், குவிந்து புதைந்து கோடிக்கணக்கான ஆண்டு கழிந்தால் சுண்ணாம்புக்கல்லாகலாம், சுற்றியிருக்கும் சேறு களிக்கல்லாகலாம் என்று நீளமாக எழுதி அனுப்பினேன். "அதுக்குள்ள இந்த ரிப்போர்ட்ட முடிக்கணும் சார். 'எம்'னு போட்டுக்கிறேன்" என்று பதில் வந்தது. எம் என்றால் மரின் கிளே.